பழைய கணினிக்குப் புது முகத்துவாரம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"பதினைந்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஒரு சின்ன அட்டையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பழைய டெஸ்க்டாப்பில் வேகமான யூ.எஸ்.பி. போர்ட் சேர்க்கிற கார்டு. விலை ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே இருக்கும்.

என் ஊர் பழவேற்காடு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. ஏரி எவ்வளவு அகலமாக இருந்தாலும், எங்கள் பக்கத்துப் படகு கடலுக்குப் போக முகத்துவாரம்தான் வழி. அங்கே மணல் மேடிட்டுப் போனால், படகும் நல்லாத்தான் இருக்கும், இன்ஜினும் நல்லாத்தான் இருக்கும். ஆனா வெளியே போக முடியாது. அப்போது படகை மாற்றி என்ன பிரயோசனம்? மணலைத்தான் எடுக்கணும். "ஸ்லோ" என்று நாம் ஒதுக்கி வைக்கிற கணினிகளிலும் பல சமயம் இதே கதைதான்.

எங்கள் குப்பத்துத் தம்பி ஒருவர் ஜெராக்ஸ் கடையும் ஸ்டுடியோவும் வைத்திருக்கிறார். கல்யாண வீடியோ, ஊராரின் ரேஷன் கார்டு, மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவுத் தாள் என்று எல்லாவற்றின் நகலும் அவர் கணினியில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் வெள்ளக்காடாக்கிய பிறகு, ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் ஒரு நகல் எடுத்துப் பொன்னேரியில் உறவுக்காரர் வீட்டில் வைக்கிறார்.

"அண்ணே, 200 ஜி.பி. காப்பி பண்ண ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஆகுது. நடுவுல கரண்ட் போனா மறுபடி முதல்லேர்ந்து. மெஷினையே மாத்தச் சொல்றாங்க, முப்பதாயிரம் ஆகுமாம்" என்றார்.

"தம்பி, மொதல்ல பெட்டியைத் திறந்து பார்ப்போம்" என்றேன்.

கணக்கைப் பாருங்கள். 2000-ல் வந்த யூ.எஸ்.பி. 2.0-வின் வேகம் வினாடிக்கு 480 மெகாபிட் என்பார்கள். நடைமுறையில் கைக்கு வருவது 35 மெகாபைட் அளவுதான். 2008-ல் வந்த 3.0-க்கு 5 ஜிகாபிட். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே வினாடிக்கு 100 மெகாபைட் கொடுக்கும். டிஸ்க் கொடுக்கத் தயார், வாங்கத்தான் வழி குறுகல். வழியை அகலப்படுத்தினால் ஒண்ணரை மணி நேர வேலை அரை மணியில் முடிந்துவிடும்.

இந்த யூ.எஸ்.பி.யை உருவாக்கியவர்களில் முன்னணியில் நின்ற இன்டெல் பொறியாளர் அஜய் பட், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர். நாம் கார்டைச் செருகுகிற பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. முன்னாள் மாணவர் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் எங்கே சொல்வது!

இனி, வாங்குமுன் பார்க்க வேண்டியவை. போர்டில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருக்கிறதா? சின்ன ஸ்லாட் போதும்; அது இல்லை என்றால் நீள ஸ்லாட்டிலும் சின்ன கார்டு உட்காரும். பழைய பி.சி.ஐ. ஸ்லாட்டுக்கு வாங்காதீர்கள். அதன் மொத்த வேகமே வினாடிக்கு 133 மெகாபைட், அதையும் மற்ற கார்டுகளோடு பங்கு போட வேண்டும். 2010-க்கு முந்தைய பல போர்டுகளில் சின்ன ஸ்லாட்டின் உச்சம் 250 மெகாபைட்தான். ஹார்ட் டிஸ்க்குக்கு அது தாராளம், எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்களுக்குத்தான் குறை தெரியும். கேபினெட் ஒல்லியா இருந்தால் அதற்கேற்ற குட்டைப் பட்டியுடன் வருகிற கார்டாகக் கேளுங்கள்.

அடுத்தது மின்சாரம். 3.0 போர்ட் ஒவ்வொன்றும் 900 மில்லியாம்பியர் வரை கேட்கலாம். நாலு போர்ட் என்றால் 18 வாட். சின்ன ஸ்லாட்டை மட்டும் நம்பி அதைக் கொடுக்கக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் செருகுகிற கார்டாகப் பார்த்து வாங்குங்கள். அந்த வயரை மறக்காமல் செருகுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் டிக்டிக் என்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்.

டிரைவர் விஷயம்: விண்டோஸ் 7-க்குக் கார்டோடு வருகிற மென்பொருளைப் போட வேண்டும். 8-க்குப் பிறகு அநேகமாகத் தானே கண்டுகொள்ளும். லினக்ஸில் இந்த வசதி 2009-லேயே வந்துவிட்டது. ஆனால் பழைய போர்டுகள் பல, புது கார்டில் செருகிய பென் டிரைவிலிருந்து பூட் ஆகாது; அதற்குப் பழைய போர்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு போர்ட் இருந்தாலும் பின்னால் வழி ஒன்றுதான். எங்கள் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பத்தில் "பாடு" என்று ஒரு முறை உண்டு. ஏரியில் நல்ல இடம் கொஞ்சம்தான், வலை நிறைய. ஆகவே முறை வைத்து இறங்குவார்கள். யூ.எஸ்.பி.யும் அப்படித்தான், தன் முறை வரும்போதுதான் ஒவ்வொன்றும் பேசும். நாலு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் காப்பி போட்டால் நாலும் மெதுவாகும்.

கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் கார்டின் தங்க நிறப் பல்லில் களிம்பு ஏறும். கரண்ட் பிளக்கைப் பிடுங்கி, கேபினெட் இரும்பைத் தொட்டுவிட்டு, கார்டை எடுத்துப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுச் செருகுங்கள்.

நம் தம்பியின் கடையில் இப்போது நீல நிறப் போர்ட் நாலு இருக்கிறது. நகல் அரை மணிக்குக் கொஞ்சம் மேலே முடிகிறது. மிச்சமான பணம் வலைக்குப் போயிற்று.

நண்பர்களே, உங்கள் அலுவலகங்களில் எத்தனை டெஸ்க்டாப் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது? பழைய இரும்புக்குப் போடுமுன் ஒரு தடவை திறந்து பாருங்கள். அடைப்பு எங்கே என்று கண்டுபிடித்து அதை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள். நம் சங்கம் இந்த ஆண்டு இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டால், ஸ்க்ரூ டிரைவரோடு வருகிற முதல் ஆள் நான்.