முந்தலும் பிந்தலும்



இலக்கிய உரைத் தொடரில் பழைய மோட்டார் வண்டியின் தீப்பொறியைப் பற்றிப் பேசத் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். வகுப்பறையில் மாத்திரை கற்பிப்பவனுக்கு இதிலே சிறிது உரிமை உண்டென்றுதான் நினைக்கிறேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் பொழுது. நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழலும் நான்கு சிலிண்டர் எஞ்சின், அந்த இமைப்பொழுதுக்குள் பல தடவை பொறி தட்டிவிடுகிறது. அந்தப் பொறி ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினால், சுழற்சியில் 18 பாகை தவறிப்போகிறது. குறிலை நெடிலாக்கினால் சொல்லின் பொருள் கெடுவதுபோல, இங்கே எஞ்சின் கெடும்.

மலையகத்தில் இது வீண் பேச்சல்ல. 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது, ஏற்கெனவே நாட்டுக்கு வந்திருந்த மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும்தான் தோட்டப்புறங்களின் ஹயர் கார்கள். நடுநிசியில் லயத்திலிருந்து பிரசவ வலியெடுத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கியது அந்த வண்டிகளே. இங்கிலாந்தில் 1948 இல் வெளிவந்து 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன மொரிஸ் மைனருக்கு, 1990களில் இலங்கையிலேயே உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றால் நம் கைத்திறன் எப்படிப்பட்டது என்று பாருங்கள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் தொடங்கும்வரை, கொட்டிலில் கிடந்த பல பழைய வண்டிகளுக்கும் மறுபிறவி கிடைத்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். பிஸ்டன் மேலே வந்து முட்டும்போது பொறி வந்தாற் போதாதா என்றால், போதாது. பெற்றோல் கலந்த காற்று ஒரே கணத்தில் எரிவதில்லை. தீ பரவச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே பிஸ்டன் மேலே வருமுன்பே பொறி தட்டவேண்டும். எஞ்சின் வேகமாகச் சுழலச் சுழல இன்னும் முன்னதாகத் தட்டவேண்டும். இதைப் பார்த்துக்கொள்வது பெட்டிக்குள் இருக்கும் இரண்டு சிறிய எடைகள். வேகம் கூடும்போது வெளிப்பக்கம் விரிந்து பொறியை முந்தச் செய்கின்றன.

அந்தப் பெட்டிக்கு நம் கராஜ்களில் டெல்கோ என்று பெயர். அமெரிக்காவின் டேட்டன் நகரில் 1909 இல் சார்ல்ஸ் கெற்றரிங்கும் எட்வர்ட் டீட்ஸும் தொடங்கிய கம்பனியின் முதலெழுத்துகள் சேர்ந்த சொல் அது. செய்தவன் பெயர் செய்த பொருளுக்கு வருவதைக் கருத்தாவாகுபெயர் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இங்கே வேடிக்கை என்னவென்றால், மொரிஸ் மைனரில் இருப்பது பிரித்தானியாவின் லூக்காஸ் கம்பனி செய்த பெட்டி. அதையும் டெல்கோ என்றே அழைக்கிறோம். கருத்தாவே மாறிப்போன ஆகுபெயர்!

டெல்கோவின் பக்கத்தில் தட்டையான உருண்டைச் சிமிழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று காபுரேட்டருக்குப் போகும். இதுதான் வெக்கியூம். பாடநூல் வெற்றிடம் என்று சொல்லும். எனக்கு உறிஞ்சல் என்ற சொல்லே பொருத்தமாகப் படுகிறது. சிமிழுக்குள் மெல்லிய சவ்வு. ஒரு பக்கம் எஞ்சினின் உறிஞ்சல், மறுபக்கம் வெளிக்காற்று. எக்சிலேட்டரை அரைகுறையாக மிதித்துச் சமதரையில் போகும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு. அது மெதுவாக எரியும். பொறி மேலும் முந்தவேண்டும். உறிஞ்சலால் சவ்வு இழுபட்டு அந்த வேலையைச் செய்கிறது.

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்ததால் கலவையும் மெலிந்து மெதுவாக எரிகிறது. பொறி முந்தவேண்டிய தேவை கூடுகிறது. ஆனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததால் சவ்வை இழுக்கும் பலமும் குறைகிறது. தேவை கூடும் இடத்திலேயே உதவி குறைகிறது. மலையில் தொழில் பழகிய பாஸ்மார் புத்தகத்தில் உள்ள கணக்குக்கு மேல் ஒன்றிரண்டு பாகை முந்தி வைப்பதற்குக் காரணம் இதுதான். அதே வண்டி அவிசாவளைக்கு இறங்கி, ஆள் நிறைத்துக்கொண்டு, கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறும்போது பாருங்கள்: தகரப் பேணிக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். மலைக்குச் சரியான பொறி, வெப்பமும் கனத்த காற்றும் உள்ள இடத்தில் முந்திவிட்டது. அதைக் கவனியாமல் ஓட்டினால் பிஸ்டன் பழுதாகும். பழைய லூக்காஸ் பெட்டிகளில் A, R என்று குறித்த சிறு திருகு இருக்கும். A பக்கம் திருப்பினால் முந்தும், R பக்கம் பிந்தும். இறங்கும்போது R பக்கம் சற்றுத் திருப்பி, ஏறி வந்தபின் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். அந்தத் திருகு இருப்பதையே அறியாமல் வருஷக்கணக்காக வண்டி ஓட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கோளாறு தேடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பாயிண்ட் இடைவெளி: அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. இது குறைந்தால் பொறி பிந்தும், கூடினால் முந்தும்; ஆகவே இதைத் திருத்தாமல் டைமிங்கைத் தொடுவது வீண்வேலை. பிறகு ஒரு சிறிய பல்பை டெல்கோவின் சிறு கம்பிக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே பிடித்து, சாவியைப் போட்டு, ஹேன்டிலால் எஞ்சினை மெல்லச் சுற்றவேண்டும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்ப் எரியும். அடுத்து ரோட்டரைக் கையால் அது சுழலும் பக்கமாகத் திருப்பி விடுங்கள். சட்டெனத் திரும்பி வராவிட்டால் உள்ளே எடைகள் இறுகியிருக்கின்றன, சில துளி எண்ணெய் போதும். கடைசியாகத்தான் வெக்கியூம். காபுரேட்டர்ப் பக்கத்துக் குழாய் முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைக்கவேண்டும். உள்ளே தகடு அசைந்து அங்கேயே நின்றால் சவ்வு நலம். திரும்பி வந்துவிட்டால் சவ்வு கிழிந்திருக்கிறது. ஹேன்டில் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொறி அதிகம் முந்தியிருந்தால் ஹேன்டில் திருப்பியடிக்கும்.

எங்கள் பக்கத்து ஹயர் கார் ஒன்று ஏற்றத்தில் நன்றாக இழுக்கும்; சமதரையில் காலைத் தளர்த்தினால் இடறும். கோயில் மாற்றினார்கள், பிளக் மாற்றினார்கள், கொண்டென்சர் மாற்றினார்கள். கடைசியில் ஹட்டன் பக்கத்துப் பாஸ் ஒருவர் மூடியைக் கழற்றிக் குழாயை உறிஞ்சிப் பார்த்தார்.

"சேர், இங்க வந்து பாருங்க. தகடு ஆடுறப்ப இந்தச் சின்ன வயரும் ஆடுது. ரெண்டு இழையிலதான் தொங்குது."

"அப்போ ஏத்தத்துல ஏன் இடறல, அண்ணே?"

"ஏத்தத்துல முழுசா மிதிக்கிறீங்க. வெக்கியூமே கெடையாது. தகடு சும்மா நிக்குது. அது ஆடுனாத்தானே வயரு விட்டுப்போகும்!"

அவர் சொன்னதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. முழுதாக மிதிக்கும்போது உறிஞ்சல் இல்லாமற் போகிறது. வெக்கியூம் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. ஏற்றத்தில் இழுவை இல்லை என்றால் குற்றவாளி அநேகமாக வேறிடத்தில்தான். ஆனாலும் மலைப்பக்கத்தில் பலர் அந்தக் குழாயைக் கழற்றி, ஆணியால் அடைத்துவிட்டு, "மலைக்கு இது தேவையில்லை" என்று சொல்வார்கள். இதை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். வண்டி ஓடும், உண்மைதான். ஆனால் தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் அரை மிதியில் ஓடும் ஒவ்வொரு மைலிலும் பெற்றோல் வீணாகும். 2022 இல் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில் ஹயர் ஓட்டி வயிறு கழுவியவர்களுக்கு அந்த ஆணியின் விலை நன்றாகவே தெரிந்திருக்கும்.

புதிய வண்டிகளில் காற்றின் அழுத்தத்தைக் கணினியே அளந்து பொறியைத் திருத்திக்கொள்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். டெல்கோவைத் திருப்புமுன், அதன் உடலிலும் எஞ்சினிலும் படும்படி வீட்டிலுள்ள நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். திருப்பியது பிடிக்காவிட்டால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரலாம்.