துடைப்பத்தால் கூட்டாதீர்கள் என்று யாருக்குச் சொன்னார்கள்?

(தஞ்சாவூரில் தூய்மைப் பணியாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சி.எஃப்.எல் பல்பில் இருக்கும் பாதரசத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். ஊரே எல்.இ.டி.க்கு மாறிவிட்டது, இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடையை விட்டுப் போன பொருள் ஊரை விட்டுப் போய்விடுவதில்லை. பியூஸ் போன சுருள் பல்பு இன்னும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீசிலும் கல்யாண மண்டபத்திலும் டியூப் லைட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குள்ளும் பாதரசம்தான். அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளிவிடுகிறது. உள்பக்கம் பூசியிருக்கிற வெள்ளைப் பொடி அதைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றுகிறது. பாதரசம் இல்லாமல் அந்த விளக்கு எரியாது.

ஒரு பல்பில் இருப்பது சில மில்லிகிராம்தான். பழைய காய்ச்சல் மானியில் இருந்ததோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பயமுறுத்துவதற்காக நான் இங்கே வரவில்லை. வீட்டில் ஒரு பல்பு உடைந்துவிட்டால் யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

இந்த பல்பு வந்த காலத்தில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. ஒரு தரப்பு, வீட்டுக்குள் விஷத்தைக் கொண்டுவருகிறீர்கள் என்றது. இன்னொரு தரப்பு ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. நிலக்கரியை எரித்தால் அதிலிருக்கும் பாதரசம் புகைபோக்கி வழியாக வெளியே வருகிறது. 60 வாட் குண்டு பல்பு செய்கிற வேலையை 14 வாட் சி.எஃப்.எல் செய்துவிடுகிறது. மிச்சமாகும் மின்சாரத்துக்கான நிலக்கரியை எரிக்க வேண்டியதில்லை. எனவே கூட்டிக் கழித்துப் பார்த்தால் பூமிக்குள் போகும் பாதரசம் குறைகிறது என்பது அந்தக் கணக்கு.

இந்தக் கணக்கு தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நிலக்கரி நாட்டுக்குச் செய்கிற கேடு பெரியது. 2023இல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, நெய்வேலியைச் சுற்றியுள்ள நீரில் பாதரசம் அளவுக்கு மீறி இருப்பதைச் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. நெய்வேலி நமக்குத் தூரத்து ஊர் இல்லை.

ஆனால் அந்தக் கணக்கு மொத்தத்தை மட்டும்தான் சொல்கிறது. புகைபோக்கிப் பாதரசம் காற்றில் பரவி ஊர் முழுக்க விழுகிறது. பல்புப் பாதரசம் அப்படிப் பரவுவதில்லை. நூறு வீட்டில் பியூஸ் போன நூறு பல்பும் ஒரே வண்டியில் ஏறி, ஒரே ஆளின் கைக்கு வந்து சேர்கிறது. நூறு வீட்டுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் லாபம், அந்த ஒரு கைக்கு நூறு வீட்டுப் பாதரசம். மொத்தம் குறைந்தது என்று சொல்கிற விஞ்ஞானி பொய் சொல்லவில்லை. அந்தக் கை யாருடையது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நம் நாட்டில் அந்தக் கை யாருடையது என்பதைச் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது. இந்த விவாதத்தில் விடுபட்ட ஒரே விஷயம் அதுதான்.

பல்பு உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஓர் அறிவுரைப் பட்டியல் போட்டது. நம் பத்திரிகைகளும் அதை வாங்கிப் போட்டன. எல்லாரும் அறையை விட்டு வெளியே போங்கள். சன்னலைத் திறந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விடுங்கள். ஏ.சி.யை அணையுங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், பாதரசம் பரவும். கெட்டியான அட்டையால் அள்ளுங்கள். துகள்களை ஒட்டும் நாடாவால் எடுங்கள். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு வையுங்கள்.

நல்ல அறிவுரைதான். ஆனால் ஜாடியில் போட்டு வைத்த பிறகு அந்த ஜாடி எங்கே போகிறது? வாசலில் வந்து நிற்கும் வண்டிக்குப் போகிறது. அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவரின் கையில் இருக்கும் ஒரே கருவி துடைப்பம். வீட்டுக்காரர் தொடக்கூடாத கருவியால் வேலைக்காரர் நாள் முழுக்கக் கூட்டுகிறார்.

டெல்டா கிராமங்களில் கழிவு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதுதான் என் ஆய்வு. திருவையாற்றுப் பக்கம் ஓர் ஊராட்சியில் தூய்மைக் காவலராக வேலை பார்க்கும் ஓர் அக்காவோடு சில நாள் நடந்தேன். டியூப் லைட் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நீட்டமா வண்டியில நிக்காது தம்பி, ஒடைச்சித்தான் போடணும்" என்றார். உடைத்தால் ரெண்டு முனையிலும் இருக்கும் அலுமினிய மூடி தனியாக வரும். சுருள் பல்பென்றால் அடிப்பக்கத்தைப் பிளந்து உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை எடுப்பார்கள். பழைய இரும்புக்கடையில் அதற்கு ஏதோ கொஞ்சம் காசு கிடைக்கும். உடைக்கும்போது டப்பென்று சத்தம் வரும், வெள்ளையாகப் புகை மாதிரிப் பொடி பறக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்வோம் என்று செய்து காட்டினார். கையுறை வருஷத்துக்கு ஒருமுறை வருமாம், முதல் வாரத்திலேயே கிழிந்துவிடுமாம். அந்தத் தெருவில் அவருக்குத் தண்ணீர் தனி டம்ளரில் வருவதையும் பார்த்தேன்.

பாதரசத்தை விழுங்கினால் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். மூச்சில் இழுத்தால் கதை வேறு. ஆவியாக நுரையீரலுக்குள் போவதில் ஏறக்குறைய 80 விழுக்காடு ரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகிறது. நாள்பட்டால் கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி, எரிச்சல் எல்லாம் வரும். இதெல்லாம் ஒருவருக்கு வந்தால் நம்மூரில் என்ன சொல்வார்கள்? குடி என்பார்கள், வயசு என்பார்கள். பாதரசம் என்று எந்தச் சீட்டிலும் எழுதமாட்டார்கள்.

இந்த பல்பு நம் மக்களிடம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2009இல் ஒன்றிய அரசு பச்சத் விளக்குத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. பழைய குண்டு பல்பைக் கொடுத்துவிட்டு 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல் வாங்கிக்கொள்ளலாம். மிச்ச விலையைக் கரிம வரவு விற்று ஈடுகட்டுவது என்பது ஏற்பாடு. அதாவது இங்கே ஒரு வீடு மின்சாரம் மிச்சம் பிடித்தால், அந்த மிச்சத்தைப் பணக்கார நாட்டுக் கம்பெனி வாங்கித் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். திரும்ப வாங்கிய குண்டு பல்பை எண்ணி, பத்திரப்படுத்தி, உடைத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பாதரசமே இல்லாத பல்புக்கு அத்தனை சாட்சி!

அப்போது நம்ம பக்கம் மின்வெட்டு. 2012ஐ நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு ஓரிரு மணி நேரம், மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். ஒரு விளக்கு இணைப்பு மட்டும் இருந்த குடிசைகளில் 40 வாட் குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் சி.எஃப்.எல் மாட்டுவது என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது அந்தக் காலத்தில்தான். நாட்டின் மின் பற்றாக்குறையைக் குடிசையில் இருந்த அந்த ஒற்றை பல்பில் மிச்சம் பிடித்தார்கள். நகரத்துக் குளிர்சாதனத்தை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் பல்புக்குள் எவ்வளவு பாதரசம் இருக்கலாம் என்று இங்கே சட்ட வரம்பு கிடையாது. ஐரோப்பாவில் வரம்பு 5 மில்லிகிராம். டெல்லியைச் சேர்ந்த டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு இந்தியச் சந்தையில் கிடைத்த சி.எஃப்.எல் பல்புகளைச் சோதித்து 2011இல் வெளியிட்ட அறிக்கையில் சராசரி 21 மில்லிகிராமுக்கு மேல். அங்கே 5க்குள் அடக்கத் தெரிந்த தொழில்நுட்பம் இங்கே வரும்போது ஏன் மறந்துபோனது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த முதல் மின்னணுக் கழிவு விதிகளில் சி.எஃப்.எல் சேரவில்லை. 2016 விதிகளில்தான் அது உள்ளே வந்தது. அதற்குள் கோடிக்கணக்கான பல்பு எரிந்து முடிந்து குப்பைக்குப் போய்விட்டது.

அதே 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளைத் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். வீட்டு அபாயக் கழிவு என்ற விளக்கத்தில் சி.எஃப்.எல், டியூப் லைட் இரண்டும் பெயர் சொல்லியே இருக்கின்றன. நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் இவற்றை வாங்கி வைக்கும் மையம் உள்ளாட்சி அமைக்க வேண்டும் என்று அந்த விதிகள் கூறின. தஞ்சாவூர் 2014இலேயே மாநகராட்சி ஆகிவிட்டது. உங்கள் வார்டுக்கு அந்த மையம் எங்கே என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். (கூட்டத்தில் சிரிப்பு.) ஜெபமாலைபுரம் என்கிறார் தோழர். அது மையம் இல்லை, குப்பைக் கிடங்கு. குப்பைமேட்டில் தீப்பிடித்தால் பாதரசம் மண்ணில் தங்காது, ஆவியாகிக் கிளம்பும். பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த விதிகளும் நகரத்துக்காக எழுதியவை. ஊராட்சித் தெருவில் வண்டி தள்ளுகிற அக்காவுக்கு அதில் இடமே இருக்கவில்லை.

பாதரசம் என்றதும் தமிழ்நாட்டில் கொடைக்கானல் நினைவுக்கு வரவேண்டும். அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையை 1983 வாக்கில் அங்கே கொண்டுவந்தார்கள். பின்னாளில் அது இந்துஸ்தான் யுனிலீவர் கைக்கு வந்தது. 2001இல் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் டன் கணக்கில் கிடந்தது வெளியே தெரிந்து, ஆலையை மூடினார்கள். 591 தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்தது 2016இல். பதினைந்து வருஷம். அந்தத் தொழிலாளர்களுக்காவது கம்பெனியின் பெயர் தெரியும், வருகைப் பதிவு இருந்தது, சங்கம் வைத்தார்கள், நீதிமன்றம் போனார்கள். பல்பு உடைக்கிற அக்கா யார்மேல் வழக்குப் போடுவார்? நூறு வீட்டின் மீதா?

நாம் நெல்லு விளைகிற ஊர்க்காரர்கள். அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாதரசம் உணவு வழியாக உடலுக்குள் வருவது மீனால்தான் என்று உலகம் வெகுகாலம் நினைத்தது. ஜப்பானின் மினமாட்டா நகரில் நடந்தது அது. பிறகு சீனாவின் குய்சோ மாகாணத்தில், பாதரசச் சுரங்கம் இருந்த பகுதியில், மீனே அதிகம் சாப்பிடாத மக்களின் உடலில் மெத்தில் பாதரசத்தைக் கண்டார்கள். வந்த வழி அரிசி. தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் அடிச்சேற்றுக்குக் காற்று கிடைக்காது. அந்தச் சேற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை அதைவிடக் கொடிய மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நெற்பயிர் அதை உறிஞ்சி மணியில் சேர்க்கிறது. குய்சோவில் இருந்தது சுரங்கம். நம்மூர் பல்புக் குப்பை அதன்முன் தூசு. நம் சம்பா அரிசி விஷமாகிவிட்டது என்று நாளைக்கு யாரும் எழுதிவிட வேண்டாம். நான் சொல்வது வேறு. மீன் தின்பவரின் உடலை அளவுகோலாக வைத்தால் மூன்று வேளையும் சோறு தின்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். நம் ஊரிலும் அப்படித்தான். வாய்க்கால் ஓரம் கொட்டுகிற குப்பை, சேரிப் பக்கத்து வாய்க்கால் ஓரம்தான் கொட்டப்படுகிறது. அந்தச் சேற்றில் வளரும் நத்தையையும் வயல் நண்டையும் குரவையையும் பிடித்துத் தின்கிறவர்கள் விவசாயக் கூலிகள். நத்தை தின்கிறவர்கள் என்று கேலி செய்யத் தெரிந்த ஊருக்கு, அந்த வாய்க்காலில் எதைக் கொட்டுகிறோம் என்று பார்க்கத் தெரியவில்லை.

மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018இல் சேர்ந்தது. வீட்டு உபயோக சி.எஃப்.எல் உற்பத்தியை 2025க்குள் நிறுத்துவது என்று 2022இல் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. நல்லது. உற்பத்தி நிற்கும், பல்பு மிச்சமிருக்கும். எல்.இ.டி. வந்ததால் பாதரசம் குறையும், ஆனால் பியூஸ் போன எல்.இ.டி.யும் அதே வண்டிக்குத்தான் வருகிறது.

கேட்க வேண்டியது ரொம்பச் சின்னது. பல்பு விற்கிற கடையிலேயே பழைய பல்பைத் திரும்ப வாங்கும் பெட்டி வேண்டும். விற்றவனே எடுத்துக்கொண்டு போகட்டும். டியூப் லைட்டை உடைக்காமல் நீளவாக்கில் வைக்க வண்டியில் ஒரு குழாய் பொருத்த வேண்டும். அரை நாள் வெல்டிங் வேலை. தூய்மைக் காவலருக்கு ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் பாதரசச் சோதனை, அதன் முடிவு எழுத்தில் அவர் கையில். பல்பைத் தனியாகக் கட்டி, மேலே எழுதிக் கொடுக்கும் வேலை வீட்டுக்காரருடையது, அது அக்காவின் வேலை இல்லை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மான வாசகத்தை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், பின்வரிசையில் தோழர் வைத்திருக்கிறார். ஊராட்சியின் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம், முதலில் தூய்மைப் பணியாளர் தோழர்கள் கேட்கட்டும்.