செவியில் விழும் சொல்
(மனச்சிதைவுற்றோரின் மனநலம் குறித்த உரை)



சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. தலைவி உண்ணாள், உறங்காள், வளை நெகிழ மெலிகிறாள். காரணம் அறியாத தாய், இது முருகனால் வந்த துயர் எனக் கருதி வேலனை அழைக்கிறாள். களம் அமைக்கப்படுகிறது; மறி பலியிடப்படுகிறது; கழங்கு உருட்டிக் குறி பார்க்கப்படுகிறது. ஊரே கூடி நின்று அவள் நோய்க்குக் காரணம் சொல்கிறது. அவளிடம் மட்டும் எவரும் கேட்பதில்லை. உண்மையறிந்தவள் தோழி ஒருத்தியே.

தலைவியின் நோய் காதல் நோய். மருத்துவர் கூறும் மனநோய் அன்று. ஆயினும் அத்துறை காட்டும் உண்மை மனநோய்க்கும் பொருந்துவது. தாயின் அன்பில் குறையில்லை. அவள் கேட்க மறந்ததே குறை. துன்புறுபவரைச் சுற்றி எத்துணை ஓசை எழுந்தாலும், அவர்தம் சொல்லுக்கு ஒரு செவி கிடைக்காமற் போகலாம் என்பதைப் பழந்தமிழ்ப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். மனச்சிதைவு நோயோடு வாழ்வோரின் மனநலம், மருந்தைப் போலவே, அவர்தம் செவியில் விழும் சொல்லையும் சார்ந்திருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

நோயின் இயல்பு

உலகில் ஏறத்தாழ 300 முதல் 350 பேருக்கு ஒருவர் இந்நோயோடு வாழ்கின்றனர். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ இது தொடங்குகிறது. கல்லூரிப் படிப்பும் முதல் வேலையும் திருமணப் பேச்சும் வரும் பருவம் அது. பிறர்க்குக் கேளாத குரல்கள் கேட்டல், எவரோ தமக்குத் தீங்கு சூழ்வதாக உறுதியாக நம்புதல், எண்ணத்தின் தொடர்ச்சி அறுந்துபோதல் ஆகியன இதன் வெளிப்படையான குறிகள். அடங்கிய குறிகளும் உண்டு. செயலில் முனைப்பு வற்றிவிடும். முகத்தில் உணர்ச்சி தோன்றாது. பேச்சு ஓரிரு சொற்களாகச் சுருங்கும்.

1952ஆம் ஆண்டில் குளோர்புரோமசைன் என்னும் மருந்து மனநோய் மருத்துவத்தில் பயன்பாட்டுக்கு வந்த பின்னர்ச் சிகிச்சை பெரிதும் மாறியது. ஆயினும் மருந்துகள் குரல்களையும் அச்சங்களையும் தணிக்கும் அளவுக்கு முனைப்பின்மையைத் தணிப்பதில்லை. மரபுக்கூறு, மூளையின் வேதியியல், வாழ்க்கைச் சூழல் எனப் பல காரணங்கள் கூடி இந்நோயை விளைவிக்கின்றன. பெற்றோரின் வளர்ப்புப் பிழையோ முன்வினையோ இதற்குக் காரணம் அன்று. தாயின் வளர்ப்பே இந்நோயை உண்டாக்குகிறது என்று மேலைநாட்டில் ஒரு காலத்தில் வழங்கிய கொள்கை கைவிடப்பட்டுவிட்டது. அதற்குள் எத்தனையோ தாய்மார் அப்பழியைச் சுமந்தனர்.

சென்னையில் 1980களின் தொடக்கத்தில், முதன்முறையாக நோயுற்ற 90 பேரைத் தெரிந்தெடுத்துப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். இறுதிவரை காண முடிந்தவர்களுள் பெரும்பாலோர் நோய்க்குறி நீங்கியவராக இருந்தனர். எனவே இது மீளா நரகம் என்னும் எண்ணம் பிழையானது. ஆனால் குறி நீங்குதல் வேறு; நலமாக வாழ்தல் வேறு. காலையில் எழுந்து செல்ல ஒரு வேலை, பெயர் சொல்லி அழைக்க ஒரு நண்பர், தம் கருத்தையும் கேட்கும் ஒரு குடும்பம் ஆகியன இருந்தாலன்றி நலம் நிறைவு பெறாது.

பெயர் என்னும் சுமை

இந்நோய்க்குரிய ஐரோப்பியப் பெயரை 1908இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் படைத்தார். அதற்குமுன் வழங்கிய பெயர் ‘இளமையிலேயே வரும் அறிவழிவு’ என்னும் பொருளுடையது. நோயுற்றோர் எல்லாரும் அறிவழிந்து போவதில்லை எனக் கண்ட பிளாய்லர், மனம், பிளவு என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களைக் கூட்டிப் புதுப்பெயர் இட்டார். எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இசையாமற் பிரிதலையே அவர் குறித்தார். ஓருடலில் இருவர் வாழ்வதாகத் திரைப்படங்கள் காட்டும் நிலை இதனின் வேறு.

தமிழில் இது ‘மனச்சிதைவு’ ஆயிற்று. பிளவு வேறு, சிதைவு வேறு. பிளந்தது பொருந்தக்கூடும். சிதைவு என்பதோ பாழடைந்த கோட்டைக்கும் செல்லரித்த ஏட்டுக்கும் உரிய சொல். ‘சிதை’ என்பது பிணஞ்சுடும் விறகடுக்கையும் குறிக்கும். இருபது வயது இளைஞர் ஒருவரிடம் மருத்துவர் இப்பெயரைச் சொல்லும்போது, அவர் செவியில் இத்தனை பொருளும் விழுகின்றன. மருத்துவ உலகில் வேறொரு சொல் நிலைபெறாமையால் இவ்வுரையும் அதனையே ஆள வேண்டியிருக்கிறது.

ஜப்பானியர் இதே இடரைச் சந்தித்தனர். அவர்தம் பழைய பெயரும் ‘மனம் பிளந்த நோய்’ என்னும் பொருளுடையது. நோயுற்றோரின் குடும்பத்தார் 1993இல் விடுத்த வேண்டுகோளைத் தொடர்ந்து, 2002இல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் ‘ஒருங்கிணைவுக் குறைபாடு’ என்னும் பொருள்தரும் புதிய பெயரை ஏற்றது. பெயர் மாறுமுன் ஏறத்தாழ 37 விழுக்காட்டு நோயாளர்க்கே அவர்தம் நோயின் பெயர் தெரிவிக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 விழுக்காடாக உயர்ந்தது. மருந்து மாறவில்லை, சொல் மாறியது. சொல்ல முடியாதிருந்ததைச் சொல்ல முடிந்தது.

இல்லத்தின் சொல்

1950களில் லண்டனில் சார்ச் பிரவுன் என்னும் சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளர்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என ஆராய்ந்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, விடுதியில் தங்கியவர்கள் சிலர் மேலான நிலையில் இருக்கக் கண்டு அவர் வியந்தார். தொடர்ந்து நிகழ்ந்த ஆய்வுகள் காரணத்தைத் தெளிவாக்கின. இடைவிடாத குறைகூறல், பகையுணர்ச்சி, மூச்சுமுட்டச் செய்யும் மிகைப்பரிவு ஆகியவை மிகுந்த இல்லங்களில் நோய் மீண்டும் தலைதூக்குதல் மிகுதியாக இருந்தது. கடுஞ்சொல் நோயைப் படைப்பதில்லை. வந்த நோயை மீள எழுப்பும் வன்மை அதற்கு உண்டு.

1987இல் வெளிவந்த சண்டிகர் ஆய்வு இத்தகைய கடுமை லண்டன் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதியளவிலும், சண்டிகர்க் குடும்பங்களில் ஏறத்தாழக் கால் பங்கிலும் காணப்பட்டதாகத் தெரிவித்தது. இந்தியக் குடும்பத்தின் பொறுமைக்கு இது நற்சான்று. எனினும் அந்தக் கால் பங்கின் துயர் சிறிதன்று. குறைகூறல் பெரும்பாலும் எதனை நோக்கி எழுகிறது என்பது ஊன்றிக் கருதத்தக்கது. குரல்கள் கேட்பதை நோய் என்று குடும்பம் பொறுத்துக்கொள்கிறது. நண்பகல் வரை எழாமை, குளிக்காமை, வேலை தேடாமை ஆகியவற்றையோ குணக்கேடு என்று கருதுகிறது. நோயின் அடங்கிய குறிக்குத் தமிழ் இல்லங்களில் வழங்கும் பெயர் ‘சோம்பேறி’ என்பது. நாள்தோறும் அச்சொல்லைக் கேட்பவர் ஈற்றில் அதனையே தம் பெயராக ஏற்றுக்கொள்கிறார்.

குடும்பத்தாரைக் குற்றவாளியாக்குவது இதன் நோக்கமன்று. சம்பளமும் விடுமுறையும் இன்றி முப்பது, நாற்பது ஆண்டுகள் நோயாளரைக் காத்து நிற்பவர் அவர்களே. ‘எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?’ என்னும் தாயின் கேள்வியில் கடுஞ்சொல்லின் வேர் இருக்கிறது. 1961 முதல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணிபுரிந்த மருத்துவர் சாரதா மேனன், 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். மருத்துவத்தோடு மறுவாழ்வுப் பயிற்சியையும் குடும்பத்தார்க்குரிய அறிவுரையையும் இணைத்து நடத்தும் முறைக்கு அந்நிறுவனம் வழிகாட்டியது.

உள்ளிருந்து ஒலிக்கும் சொல்

2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு தமிழறிஞர் கவனத்துக்குரியது. அமெரிக்க மானிடவியலாளர் தான்யா லூர்மனும் சென்னை மருத்துவர்களும் பிறரும் இணைந்து, கலிபோர்னியா, கானா நாட்டின் அக்ரா, சென்னை ஆகிய மூன்றிடங்களிலும் இடத்துக்கு 20 பேராகக் குரல் கேட்போரைச் சந்தித்து உரையாடினர். அமெரிக்கர் பலர்க்குக் கேட்டவை வன்முறை ஏவும் அயற்குரல்கள். அக்ராவில் பலர் இறைவனின் குரலைக் கேட்டனர். சென்னையிலோ பாதிக்கு மேற்பட்டோர்க்கு உறவினர் குரல்களே கேட்டன. அவை குளிக்கச் சொல்லின, சமைக்கச் சொல்லின, கடைக்குப் போகச் சொல்லின, திட்டவும் செய்தன.

நோயின் குரலும் தான் பிறந்த வீட்டின் மொழியிலேயே பேசுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அடுப்பங்கரையில் வழங்கிய சொற்களே தலைக்குள்ளும் ஒலிக்கின்றன.

அக்குரல்களை இலக்கியத்துள் கொணர முயன்றவர் கோபிகிருஷ்ணன் (1945–2003). உளவியலும் சமூகப் பணியும் பயின்ற அவர், ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ என்னும் நூலில் மனநோயாளரைப் பொருளாக வைத்து எள்ளி நகையாடாமல், பேசும் மனிதராக நிறுத்தினார். தமிழில் அவ்வழி செல்வோர் இன்றும் மிகச் சிலரே.

சங்கிலியும் சட்டமும்

ஒருவரைப் பேசும் மனிதராகக் கருதாதபோது நேரக்கூடியதை ஏர்வாடி காட்டியது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக ஏற்றது.

சட்டத்தின் சொல்லும் மெல்ல மாறி வந்திருக்கிறது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பித்தர் சட்டமாகவே பெயர் பெற்றிருந்தது. 1987இல் அது மனநலச் சட்டமாகவும், 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டமாகவும் ஆயிற்று. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்கிறது. சமூகத்தோடு கூடி வாழும் உரிமையை அவர்க்கு வழங்குகிறது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் அறுக்கலாம். வாயிலிருந்து பிறக்கும் சங்கிலியை அறுக்கும் கடமை மொழியாளர்க்கு உரியது.

கவிஞர் கடன்

பித்தம் என்னும் மருத்துவச் சொல்லிலிருந்து பித்து பிறந்தது. அது தமிழில் இழிசொல்லாக மட்டும் வழங்கவில்லை. சுந்தரர் தம் முதற் பதிகத்தில் இறைவனையே பித்தன் என விளித்தார். கோயிலில் தோத்திரமான சொல் தெருவில் கல்லாக எறியப்படுவது தமிழ்ச் சமூகத்தின் முரண்.

இக்காலக் கவிதையில் இருவகைப் பிழைகள் காணப்படுகின்றன. ஒன்று, வெறுக்கத்தக்க அரசியலையும் சமூகத்தையும் ‘மனநோய்’ என்று பழித்தல். பழிக்கப்படுபவர்க்கு அது உறைப்பதில்லை. நோயோடு வாழ்பவர்க்கே உறைக்கிறது. உண்மையில் இந்நோயுடையோர் வன்முறை புரிவதைவிட வன்முறைக்கு ஆளாவதே மிகுதி. மற்றொன்று, பித்தே கவிதையின் ஊற்று என்று நோய்க்கு முடிசூட்டுதல். கவிஞர் ஆத்மாநாம் மனநலக் குறைவோடு போராடி 1984இல் தம் 33ஆம் வயதில் மறைந்தார். அவரை எழுதச் செய்தது நோய் என்று கொண்டாடுவதைவிட, எத்தனை கவிதைகளை நோய் தடுத்துவிட்டது என வருந்துவதே பொருத்தம்.

சொல் மாறக்கூடியது என்பதற்குத் தமிழே சான்று. ‘ஊனமுற்றோர்’ மாற்றுத்திறனாளி ஆயினர். இழிவுப் பெயர்கள் பல சுமந்தோர் திருநங்கை ஆயினர். பெயர் மாறியதாலேயே துன்பம் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் தலைநிமிர்ந்து தம்மைக் குறிக்க ஒரு சொல் அவர்க்குக் கிடைத்தது. மனச்சிதைவு என்னும் சொல்லுக்கு அத்தகைய மாற்று இன்னும் நிலைபெறவில்லை.

கொரியர் 2011இல் இந்நோய்க்கு யாழ் நரம்பைச் சுருதி கூட்டுதல் என்னும் கருத்தமைந்த பெயரைத் தெரிந்தெடுத்தனர். நரம்பு நெகிழ்ந்தால் இசை பிறழும். மீளக் கூட்டினால் இசை திரும்பும். இவ்வுருவகம் தமிழுக்கு அயலன்று. யாழின் தந்திக்கும் உடலின் நாடிக்கும் தமிழில் ‘நரம்பு’ என்பது ஒரே சொல். யாழாசிரியர் செய்யும் தொழில்களைச் சிலப்பதிகாரத்துக் கானல்வரி எட்டாக வகுக்கும்போது, பண்ணல் என்பதை முதலில் வைக்கிறது. இசைக்கு முன் நரம்பைச் செவ்விதாக்கும் பொறுமையே அது. இக்கருவூலத்தைக் கையில் வைத்திருக்கும் மொழி, நோயுற்ற இளைஞர்க்குச் சிதைவு என்னும் ஒரு சொல்லையே தந்து நிற்பது தகுமா?

புதுச்சொல் ஒரு நாளில் பிறப்பதன்று. அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. முந்நூற்றுவர்க்கு ஒருவர் என்னும் கணக்கு இலக்கிய அரங்குகளுக்கும் பொருந்தும். கடைசி வரிசையில் அமர்ந்து, எவரோடும் பேசாமல் கவிதை கேட்டுச் செல்லும் ஒருவர் இருக்கலாம். அவரையும் கேட்போருள் ஒருவராக எண்ணி ஒவ்வொரு சொல்லையும் தெரிந்தெடுப்பதும், அவர் வாய் திறக்கும் நாளில் வேலனை அழையாது தோழியைப்போல் செவிசாய்ப்பதும் கவிஞர் கடன்.