சொல்லி மகிழ்வதா, கேட்டு மகிழ்வதா?

(சங்க ஆண்டு விழாவில், மாணவர் பரிசளிப்புக்கு முன் நிகழ்த்திய உரை)

 

பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா நான். கல்வியைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் எண்ணலாம். நான் கல்வியைப் பற்றிப் பேச வரவில்லை. நம் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி நாம் பேசுகிற பேச்சைக் குறித்தே சில சொற்கள் கூற வந்தேன். அந்தப் பேச்சில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

வள்ளுவப் பெருந்தகையின் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் 69-ஆம் குறளை அறியாத தமிழர் இல்லை. தன் மகனைச் சான்றோன் என்று கூறும் சொல் காதில் விழும்போது, அவனைப் பெற்றெடுத்த நாளினும் மிகுதியாகத் தாய் மகிழ்வாள் என்பது அதன் கருத்து. அவ்வாறு கூறுவோர் அறிவுடையோர் என்று பரிமேலழகர் உரை விரிக்கிறார். அடுத்த குறளோ, இவன் தந்தை எத்தகைய தவம் செய்தானோ என்று பிறர் வியக்கும்படி வாழ்வதே மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறு என்கிறது. அன்பர்களே, இரண்டு குறட்பாக்களிலும் பேசுகிறவர் யார்? பெற்றோர் அல்லர், பிறர். பெற்றோர் கேட்கிறார்கள். நாமோ முறையை மாற்றிவிட்டோம். நாம் சொல்கிறோம், ஊரார் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பரீட்சை முடிவு வெளிவரும் நாளில் நம் காலனியைக் காண வேண்டுமே! கோயில் வாசலிலும் பால் வாங்குமிடத்திலும் ஒரே பேச்சு. "உங்கள் பையனுக்கு எத்தனை ஏ பிளஸ்?" என்று கேட்பவர் விடையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. தம் பையனுக்குப் பத்து என்று சொல்ல வழி திறக்கிறார். தெருமுனையெங்கும் பிள்ளைகளின் படத்தோடு பலகைகள் எழுகின்றன.

கேரளத்தில் 2005-ஆம் ஆண்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கு ராங்க் முறையை நீக்கிக் கிரேடு முறையைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டிலும் 2017-இல் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தினார்கள். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட்டு வருத்த வேண்டாம் என்பதே நோக்கம். அரசாங்கம் நிறுத்தியதை நாம் வீட்டுத் திண்ணையில் நடத்தி வருகிறோம்.

அந்தக் கிரேடுதான் மாறாத அளவுகோலா? கேரளத்தில் எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் பெற்றவர் 2020-இல் 41,906 பேர். 2021-இல் 1,21,318 பேர். 2022-இல் 44,363 பேர். ஓராண்டில் மும்மடங்காய்ப் பெருகிய அறிவு மறு ஆண்டே வடிந்துவிட்டதா? இல்லை. கொரோனா நோயினால் பள்ளிகள் நடவாமற்போகவே, 2021-இல் குறிப்பிட்ட பாடப் பகுதிகளுக்கு முதன்மை தந்து, தெரிந்தெடுத்து எழுதக் கூடுதல் வினாக்களும் கொடுத்தார்கள். அது அந்த வேளைக்கு வேண்டிய சலுகைதான். ஆனால் மாறியது அளவுகோல். வளர்ந்தது பிள்ளை என்று நாம் பேசிக்கொண்டோம்.

இனி என் கதையைச் சொல்கிறேன். என் மூத்த மகன் பத்தாம் வகுப்பில் பத்துப் பாடங்களிலும் ஏ பிளஸ் பெற்றான். அலுவலகம் முழுவதும் லட்டு வழங்கினேன். அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இவனுக்குக் கணக்கு என்றால் தண்ணீர் பட்ட பாடு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் கூறினேன். அவன் தலைகுனிந்து நிற்பான். அதனை அடக்கம் என்று எண்ணி, அதையும் பெருமையாகப் பேசினேன்.

பதினொன்றாம் வகுப்பில் அரையாண்டுப் பரீட்சையில் அவன் கணக்கில் தோற்றான். அன்று மாலை வீடு திரும்பவில்லை. விளக்கு வைத்து நெடுநேரமாகியும் என் மனைவி வாசலை விட்டு நகரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தம்பானூர் நிலையத்தில் நடைமேடையின் கோடியில், பள்ளிச் சீருடையோடு பையன் தனியே அமர்ந்திருக்கிறான் என்றார். ஓடினேன்.

"எங்கேயப்பா புறப்பட்டாய்?" என்று கேட்டேன்.

"எங்கும் இல்லை அப்பா. வீட்டுக்கு வர வேண்டுமானால் காலனி வாசலைத் தாண்ட வேண்டும். எல்லாரும் மார்க் கேட்பார்கள். நீங்கள்தான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறீர்களே" என்றான்.

அவன் அஞ்சியது என் அடிக்கு அன்று; என் பெருமைக்கு. நான் அடுக்கிய சொற்களே அவனுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே மதிலாய் எழுந்து நின்றன. எத்தனையோ வண்டிகள் புறப்படக் கண்டவன் நான். அன்று அவன் எந்த வண்டியிலும் ஏறாதிருந்ததை நினைத்தால் இன்றும் என் கை நடுங்குகிறது.

கணிதமேதை இராமானுஜனும் அப்படி ஒரு நாள் வீட்டை விட்டுப் போனவரே. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதனால் உதவித்தொகையை இழந்தார். 1905-இல், பதினேழு வயதில், வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவானார். 1918-இல் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. தோற்ற பிள்ளையெல்லாம் இராமானுஜன் ஆவான் என்று நான் கூறவில்லை. ஒரு பரீட்சையை வைத்து ஒரு பிள்ளையைப் புகழ்ந்து முடிக்கவும் இயலாது, இகழ்ந்து முடிக்கவும் இயலாது என்பதையே கூறுகிறேன்.

பிள்ளை நன்றாகப் படித்தால் மகிழாதீர்கள் என்று யாரேனும் சொல்லுவார்களா? மகிழுங்கள். ஆனால் அதை அவனிடமே, வீட்டுக்குள்ளே சொல்லுங்கள். அவன் பெற்ற எண்ணிக்கையை விட்டு, அவன் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். ஊரில் சொல்ல ஆசை எழுந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் சிறப்பைச் சொல்லுங்கள். நம் பிள்ளையின் சிறப்பை அவர்கள் சொல்லட்டும். வள்ளுவர் கூறிய மகிழ்ச்சி அப்போதுதான் நம் செவிக்கு எட்டும்.

என் மகன் பிறகு கணக்கில் தேறினானா என்று உங்களுள் சிலர் எண்ணுகிறீர்கள். அதை நான் சொல்லத் தொடங்கினால் பழைய கதைதான், ஆகையால் விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லி அமர்கிறேன். எங்கள் அடுத்த வீட்டுச் சிறுமியின் பெயர் இன்றைய பரிசுப் பட்டியலில் இல்லை. பார்வை மங்கிய என் தாயாருக்கு நாள்தோறும் மாலையில் தமிழ்ச் செய்தித்தாளை அவளே படித்துக் காட்டுகிறாள். அதுவும் தானாகவே எழுத்துக் கூட்டிக் கற்ற தமிழ். அவளுடைய பெற்றோர் இந்த அவையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழ வேண்டும் என்றே இதைச் சொன்னேன்.