முதலில் நங்கூரம், பிறகு மோட்டார்

(அதியமான்கோட்டையில் கூடிய ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)

கிணற்றையும் மழையையும் நம்பி வேளாண்மை செய்யும் அதியமான்கோட்டையில் ஓடத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். காவிரி நமக்கு அண்மையில் ஓடவில்லை. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்கு ஏறத்தாழ 46 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆயினும் நமது மாவட்டம் நீர்நிலையே இல்லாத மாவட்டமன்று. தொப்பையாறு, நாகாவதி, வாணியாறு, சின்னாறு, தும்பலஅள்ளி என அணைகள் பல இங்கு உள்ளன. தொப்பையாறும் நாகாவதியும் சென்று சேருகின்ற மேட்டூர் நீர்த்தேக்கம், பென்னாகரம் வட்டத்தின் ஓரத்தில் ஒட்டனூர், நாகமரை ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. இந்நீர்நிலைகளில் கட்லாவும் ரோகுவும் ஜிலேபிக் கெண்டையும் வளர்கின்றன. அவற்றைப் பிடித்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. நிலமும் ஆடு மாடும் போலவே நீரும் கிராமத்தின் செல்வமேயாகும்.

மீன்பிடிக் குழுவினர் கூடும் இடங்களில் நாம் அடிக்கடி கேட்கும் கோரிக்கை ஒன்றுண்டு: "எங்கள் ஓடத்துக்கு ஒரு மோட்டார் வேண்டும்" என்பதே அது. இக்கோரிக்கை தவறன்று. கைவலிக்கத் துடுப்புப் போடுகிறவன் இளைப்பாற விரும்புவது இயற்கை. ஆனால் அதற்கு முன் நாம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஓடத்தில் நங்கூரம் இருக்கிறதா? ஆளுக்கொரு மிதவைச் சட்டை இருக்கிறதா? காளைக்கு மூக்கணாங்கயிறு குத்தாமல் வண்டியில் பூட்டுகிற உழவர் எவரும் இலர். நிறுத்தத் தெரியாத ஓடத்தை விரைவாக ஓடச் செய்வதும் அத்தகைய செயலே. முதலில் நங்கூரம், பிறகு மோட்டார் என்ற வரிசையை உங்கள் முன் வைக்கவே நாம் இன்று பேச முற்பட்டோம்.

பரிசலும் ஓடமும்

நம் பகுதியின் பழைய கலம் பரிசல். மூங்கிற் பிளாச்சுகளை வட்டக் கூடையாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் தாரும் பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்து நம்மவர் அதைச் செய்கின்றனர். ஒகேனக்கல்லின் பாறை இடுக்குகளில் அதற்கு நிகரான கலம் வேறில்லை. ஆனால் பரிசலுக்கு முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடு கிடையாது. அதன் விளிம்பில் மோட்டாரைப் பூட்டினால் அது நேராகச் செல்லாமல் செக்குமாடு போலச் சுற்றத் தொடங்கும். மூங்கில் விளிம்பு அந்த எடையையும் அதிர்வையும் தாங்காது. ஆகவே பரிசலுக்கு மோட்டார் பொருந்தாது. மாற்றுத் துடுப்பு, நீர் இறைக்க ஒரு பாத்திரம், உறுதியான கயிறு, மிதவைச் சட்டை ஆகிய நான்குமே அதற்கேற்ற தளவாடங்கள். மோட்டார் வேண்டுமெனில் பின்புறத்தில் தட்டையான பலகை அமைந்த மரத்தோணியோ கண்ணாடி இழைப் படகோ வேண்டும்.

நங்கூரம் பிடிக்கும் விதம்

நங்கூரம் தன் எடையினாலேயே ஓடத்தை நிறுத்துகிறது என்று பலர் நினைக்கின்றனர். அது பாதி உண்மையே. வயலில் கன்றைக் கட்டுவதை நினைத்துப் பாருங்கள். முளைக்குச்சியோடு ஒட்டிக் குறுங்கயிற்றில் கட்டினால் கன்று தலையை நிமிர்த்தும்போதே குச்சி மேலே பிடுங்கிக்கொள்கிறது. நெடுங்கயிற்றில் கட்டினாலோ இழுப்பு தரையோடு தரையாகச் செல்லுவதால் குச்சி அசையாது. நங்கூரத்துக்கும் இதே விதிதான். நீரின் ஆழம் 10 அடியானால் 50 முதல் 70 அடி வரை கயிறு விட வேண்டும். நங்கூரத்தையொட்டி நான்கைந்து அடி இரும்புச் சங்கிலி இணைத்தால் அச்சங்கிலி தரையில் படிந்து, இழுப்பு மேல்நோக்காமல் காக்கும்.

நம்மவர் பலர் கல்லைக் கட்டி இறக்குகின்றனர். அமைதியான ஏரிக்கு அது போதும். ஆனால் கல் நீருக்குள் தன் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடுகிறது. கரையில் 10 கிலோ நிற்கும் கருங்கல், நீருக்குள் ஏறத்தாழ ஆறேகால் கிலோவாகத்தான் இழுக்கும். காற்று வீசினால் அது சேற்றில் வழுக்கிச் செல்லும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியை நீங்கள் அறிவீர்கள். ஏறத்தாழ அதே வடிவில், கொக்கிகள் விரிந்த இரும்பு நங்கூரம் உண்டு. 12 அல்லது 14 அடி ஓடத்துக்கு 5 கிலோ எடையுள்ள அத்தகைய நங்கூரம் ஒன்று, சங்கிலியோடும் நெடுங்கயிற்றோடும் இருந்தால் போதியது. ஊர்க் கொல்லரே இதைச் செய்து தர இயலும்.

நம் அணைகளின் அடித்தரையில் ஓர் இடர் உண்டு. அங்கே மரக்கட்டைகளும் பழைய சுவர்களும் மூழ்கிக் கிடக்கும். மேட்டூரில் நீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கத்தில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளிப்படுவதைப் பார்த்தவர் பலர். இவற்றில் கொக்கி மாட்டிக்கொண்டால் நங்கூரத்தையே இழக்க நேரும். அதற்கு ஓர் எளிய உபாயம்: கயிற்றை நங்கூரத்தின் அடிப்புறத்தில், கொக்கிகள் கூடும் இடத்தில் உறுதியாகக் கட்ட வேண்டும். பிறகு அதைத் தண்டின் வழியே மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தோடு மெல்லிய சணற் கயிற்றால் கட்டிவிட வேண்டும். நங்கூரம் சிக்கினால் வலிந்து இழுத்த அளவில் சணல் அறும்; இழுப்பு அடிப்புறத்துக்கு மாறிக் கொக்கி பின்னோக்கி விடுபடும்.

உயிரைக் காக்கும் விதிகள் சில உள. கயிற்றின் மறுமுனையை ஓடத்தில் கட்டிய பிறகே நங்கூரத்தை இறக்க வேண்டும். வீசி எறியாமல், மெல்லக் கைவிட்டு இறக்க வேண்டும். சுருண்டு கிடக்கும் கயிற்றுக்குள் காலை வைத்தல் ஆகாது. கயிற்றை எப்போதும் ஓடத்தின் முன்மூக்கிலேயே கட்ட வேண்டும். பின்புறத்தில் கட்டினால், தாழ்ந்த பின்பலகையை அலை தாக்கி நீர் உள்ளே புகும்; நொடிப்பொழுதில் ஓடம் கவிழும். மதகு திறந்திருக்கும் இடத்திலும் வேகமான ஆற்று நீரிலும் நங்கூரமிடுதல் கூடவே கூடாது. ஆபத்தில் கயிற்றை அறுக்கக் கூரிய கத்தி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மேட்டூர் நீர்த்தேக்கம் நிறைந்திருக்கையில் ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர் பரந்து நிற்கும். அணையருகே நீர்மட்டம் 120 அடிக்கு உயரும். 60 அடி ஆழத்தில் நங்கூரமிட 300 அடிக் கயிறு வேண்டும். சிறு ஓடத்துக்கு அது இயலாத காரியம். நடு நீரில் காற்று மிகுந்தால் கயிற்றில் ஒரு வாளியையோ வாய் விரிந்த கித்தான் பையையோ கட்டி முன்மூக்கிலிருந்து நீரில் விடுங்கள். அது நீரைப் பிடித்து இழுத்து ஓடத்தின் விரைவைக் குறைக்கும். மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, அலை பக்கவாட்டில் தாக்காமல் காக்கும்.

மின்மோட்டார்

நங்கூரம் அமைந்தபின் மோட்டாரைப் பற்றி எண்ணலாம். ஓடத்துக்கான சிறு மின்மோட்டார் அமெரிக்காவில் தோன்றியது. வட டக்கோட்டா மாநிலத்துப் பார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் 1934-இல், ஃபோர்டு மோட்டார் வண்டியைக் கிளப்பும் சிறு மோட்டாரை எடுத்து, தண்டும் விசிறியும் பொருத்தி அதை உருவாக்கினார். நமது மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்நாட்டில் ஏரி மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போர், மீன் கலையாமல் ஓசையின்றி நகர இதைப் பயன்படுத்துகின்றனர். நம் நாட்டிலும் மின்சக்தியால் கலம் செலுத்துவது புதிதன்று. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் அமரும் 'ஆதித்யா' என்னும் சூரிய மின்படகு 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது.

எவ்வளவு விசை வேண்டும்? ஓடம், ஆட்கள், வலை, மீன், பாட்டரி யாவும் சேர்ந்த எடையில் 100 கிலோவுக்கு 2 கிலோ உந்துவிசை என்பது பொதுக் கணக்கு. மொத்தம் 350 கிலோவானால் 7 கிலோ விசை; எதிர்காற்றுக்கும் இடம் வைத்தால் 10 முதல் 14 கிலோ வரை போதும். கடையில் இதைப் பவுண்டுக் கணக்கில் கூறுவார்கள். 30 பவுண்டு என்பது ஏறத்தாழ 13.6 கிலோ. இத்தகைய மோட்டார் 12 வோல்ட் பாட்டரியில் இயங்கும். முழு வேகத்தில் ஏறத்தாழ 30 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும்.

100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி அப்படியானால் மூன்று மணிக்கு மேல் வர வேண்டுமே என்று தோன்றும். ஆனால் ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் விரைவில் குறைந்துவிடும். ஆகவே ஒன்றரை மணி நேரம் என்றே கொள்க. அந்த நேரத்தில் ஓடம் செல்வது ஒரு மனிதன் விரைந்து நடக்கும் தூரம், அதாவது ஏழு கிலோமீட்டர் அளவேயாகும். போகும் வழிக்குப் பாதி, வரும் வழிக்குப் பாதி என்று பிரித்தால் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் செல்வது தகாது. எதிர்காற்று வீசும் நாளில் அதிலும் குறைத்துக்கொள்க. மோட்டார் இருந்தாலும் துடுப்பு இரண்டும் ஓடத்தில் இருந்தே தீர வேண்டும்.

பாட்டரி 25 முதல் 30 கிலோ வரை எடையுள்ளது. மோட்டார் பின்புறத்தில் இருப்பின் பாட்டரியை நடுவிலோ முன்னாலோ மூடிய பெட்டியில் வைத்துக் கட்ட வேண்டும். மின்கம்பியில் பாட்டரிக்கு அருகே பியூஸ் இருக்க வேண்டும். காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பும் பீடி நெருப்பும் அணுகாமல் மின்னேற்ற வேண்டும். மின்னேறும் பாட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வெளிவருகிறது. ஆகாயத்தாமரையும் வலைக் கயிறும் விசிறியில் சுற்றிக்கொண்டால், பாட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே கையை வைக்க வேண்டும். பெட்ரோல் மோட்டார் இதைவிட நெடுந்தூரம் ஓடும் என்பது உண்மை. ஆனால் அதன் எண்ணெய் நீரில் கசியும். அந்த நீரைக் குடிப்போரும் நம் மக்களே.

ஒரு வரையறையையும் கூற வேண்டும். சிறு ஏரியில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வலை விரிப்பவருக்கு மோட்டார் வீண் செலவு. அந்தப் பணத்தில் நல்ல வலையும் பனிக்கட்டிப் பெட்டியும் வாங்கினால் மீன் கெடாமல் நல்ல விலை பெறும். பரந்த நீர்த்தேக்கத்தில் நாள்தோறும் நெடுந்தொலைவு செல்பவருக்கே மோட்டார் பயன் தரும்.

ஊராட்சியின் கடமை

1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2021-இல் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் இயற்றப்பட்டது. விசைப்பொறியால் இயங்கும் கலத்துக்கு ஆய்வும் பதிவும் வேண்டும் என்பது அதன் அடிப்படை. துடுப்போடு இருந்த ஓடம் மோட்டார் பூட்டியதும் சட்டத்தின் பார்வையில் வேறு கலமாகிறது. ஆகவே வாங்குவதற்கு முன் மீன்வளத் துறையையும், அணைக்குப் பொறுப்பான நீர்வளத் துறையையும் கலந்துகொள்க. வாங்கிய பின் கேட்பது முறையன்று.

ஒவ்வோர் ஓடத்திலும் எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் செய்யுங்கள். லைப் ஜாக்கெட் என்று வழங்கும் மிதவைச் சட்டையை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பதால் யாதொரு பயனும் இல்லை. ஓடத்தில் கால் வைக்கும் முன்பே அதை அணிந்து வார்களைக் கட்டியிருக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். வலையில் கால் சிக்கியவனுக்கு நீச்சல் கைகொடுப்பதில்லை. நீர்வரத்து மிகும்போது ஒகேனக்கல்லில் பரிசல் இயக்க மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதை நீங்கள் அறிவீர்கள். அதே கட்டுப்பாட்டை, புயலும் இடியும் உள்ள நாளில் நம் ஏரி, அணைகளிலும் நாமே விதித்துக்கொள்ள வேண்டும்.

தன் ஆயுளை நீட்டிக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்தவன் அதியமான் என்பர். அவன் பெயர் தாங்கிய ஊரில் நின்று பேசுகிறோம். பிறர் உயிரைப் பேணும் செலவை இறுதிச் செலவாகத் தள்ளி வைத்தல் இவ்வூருக்கும் இம்மாவட்டத்துக்கும் அழகன்று. அடுத்த கிராம சபையில் ஓட உரிமையாளர்களை அழைத்துக் கணக்கெடுங்கள்: ஓடங்கள் எத்தனை, நங்கூரங்கள் எத்தனை, மிதவைச் சட்டைகள் எத்தனை என்று. இம்மூன்று எண்களும் சரியாக அமைந்த பிறகு மோட்டாருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். அந்த விண்ணப்பத்தை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்போம்.