பிலிப்பைன்ஸில் நீங்கள்தான் மேடம்



ஞாயிற்றுக்கிழமை ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதிக்குப் போனால் ஒரு காட்சி. பெரிய பெரிய வங்கிக் கட்டடங்களின் நிழலில், அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்துப் பிலிப்பைன்ஸ் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுவேலைக்கு வந்தவர்கள், வாரத்தில் அன்றுதான் விடுப்பு. அவர்களில் சிலர் ஊரில் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேறியவர்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சம்பளம் போதவில்லை, வந்துவிட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். 2025-இல் அரசுப் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு மாதம் சுமார் 30,000 பிசோ. குடும்பத்தில் ஒருவர் நோயில் விழுந்தால் கடன்தான். ஆனால் சம்பளத்தைவிட அவர்களைச் சலிப்படைய வைப்பது பாடத்துக்கு வெளியே உள்ள வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. நாளொன்றுக்கு 6 மணி நேரம்தான் வகுப்பு என்று 1966-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். படிவமும் அறிக்கையும் அந்தக் கணக்கில் வருமா? ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டியதுதான். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்கும் அவர்களே. நிர்வாக வேலைகளை ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள் என்று கல்வித்துறை ஆணையிட்டது 2024 ஜனவரியில்.

அமெரிக்கா போனவர்களுக்கு அங்கேயும் ஆசிரியர் வேலைதான், சம்பளம் பல மடங்கு. ஆனால் போவதற்கே கடன் வாங்கி முகவருக்குக் கட்ட வேண்டும். லூசியானாவுக்கு 2007 முதல் அழைத்துப் போகப்பட்ட சுமார் 350 பேர், கட்டணம் கட்டணம் என்று தங்களைக் கறந்த முகவர் மேல் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கு 45 லட்சம் டாலர் தரச் சொல்லி 2012-இல் தீர்ப்பானது. பணம் ஒருபுறம். பெரியவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகளிடையே பழகியவருக்கு, எதிர்த்துப் பேசும் வகுப்பில் முதல் சில மாதங்கள் பெரும்பாடு.

வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் ஆசிரியர்களை மறுபடி பள்ளிக்கு அழைக்க, பிலிப்பைன்ஸ் அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. 'பிலிப்பைன்ஸில் நீங்கள்தான் மேடம், நீங்கள்தான் சார்' என்பது அதன் பெயரின் பொருள். பெயர் வைத்தவருக்கு வலி எங்கே என்று தெரிந்திருக்கிறது. திரும்பி வந்தவர் கையில் பழைய படிவக் கட்டையே திணித்தால் எத்தனை நாள் தங்குவார்?

நம் ஆசிரியர் தினமான செப்டம்பர் 5-இல்தான் அங்கே ஆசிரியர் மாதம் தொடங்குகிறது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நேயர்களே, உங்களுக்குத் தெரிந்த பிலிப்பைன்ஸ் பெண் யாராவது இருந்தால், ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று அன்று ஒரு வார்த்தை கேளுங்கள். டீச்சர் என்றால், வாழ்த்துச் சொல்லுங்கள்.