நான் எழுதின ஃபில்டர் அழிச்ச கமெண்ட்

"என் போஸ்ட்டைத் தூக்கிட்டாங்க ப்ரோ, கருத்துச் சுதந்திரம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" உங்கள்ல நிறைய பேர் அனுப்புற கேள்வி இது. பதிலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணை ஒத்துக்கறேன். போஸ்ட்டைத் தூக்குற பக்கத்திலும் நான் உட்கார்ந்திருக்கேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, வாடகைக்கு வீடு தேடுறவங்க பேசிக்கிற ஒரு ஆப்பில் வேலை பார்த்தேன். "தமிழ் கமெண்ட்ல வசவு அதிகமா இருக்கு, ஏதாவது பண்ணு"ன்னு சொன்னாங்க. ஒரே வாரத்தில் ஃபில்டர் ரெடி. கெட்ட வார்த்தை, சாதி வசவு, அதையே தங்கிலீஷ்ல அடிக்கிற விதங்கள் எல்லாம் சேர்த்து ஒரு பட்டியல். அதில் இருக்கிற வார்த்தை வந்தா கமெண்ட் தானா அழியும். டெமோவில் எல்லாரும் கை தட்டினாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு லாக் பார்த்தேன். ஒரு பொண்ணோட கமெண்ட் மூணு தடவை அழிஞ்சிருந்தது. வீடு பார்க்கப் போன இடத்தில் ஹவுஸ் ஓனர் சாதிப் பேரைச் சொல்லித் திட்டி அனுப்பியிருக்கார். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியிருந்தாங்க. நாலாவது தடவை அந்த வார்த்தை இல்லாம எழுதினாங்க, நின்னுச்சு. அதுக்குக் கீழே ஒருத்தர், "உங்க ஆளுங்க இருக்கிற ஏரியாவிலேயே தேட வேண்டியதுதானே"ன்னு கேட்டிருந்தார். அதில் பட்டியல் வார்த்தை ஒண்ணுகூட இல்லை. அதுவும் நின்னுச்சு.

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"னு அவங்க சப்போர்ட்டுக்கு மெயில் போட்டிருக்காங்க. "உங்கள் பதிவு எங்கள் விதிமுறைகளை மீறியது"ன்னு ரெடிமேட் பதில் போயிருக்கு. மறுநாள் அக்கவுண்ட்டை மூடிட்டாங்க.

அப்போ எதையுமே அழிக்கக்கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்தில், திகன பகுதியில் முஸ்லிம்களோட வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகள் ஃபேஸ்புக்கில் பரவின. அரசு சில நாட்கள் சமூக ஊடகங்களையே முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020-ல்தான்.

மாவு சலிக்கிற சல்லடை மாதிரிதான் இது. கண்ணு பெருசா இருந்தா தவிடும் சேர்ந்து விழும். சின்னதா இருந்தா மாவே மேலே நின்னுடும். எவ்வளவு நல்ல மாடல் போட்டாலும் ரெண்டு தப்பும் கொஞ்சம் இருக்கும்.

சட்டமும் இதே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், ஆன்லைனில் 'மிகவும் புண்படுத்தும்' விஷயத்தை அனுப்பினா மூணு வருஷம் வரை சிறை. 2012-ல் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபரை ட்வீட்டுக்காகக் கைது பண்ணினாங்க. 2015 மார்ச் 24-ல், ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. விவாதம் வேறு, ஒரு கருத்தை ஆதரித்துப் பேசுறது வேறு, தூண்டிவிடுறது வேறு. தூண்டுதல்னு ஆகும்போதுதான் சட்டம் தடுக்கலாம்னு சொன்னது. அதாவது யார், யாரைப் பார்த்து, எதுக்காகச் சொன்னாங்கன்னு பார்க்கணும். என் கோடு பார்த்தது ஒண்ணே ஒண்ணுதான்: வார்த்தை பட்டியலில் இருக்கா?

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தர்ற பேச்சுரிமை முதன்மையா அரசுக்கு எதிரான பாதுகாப்பு. ஒரு தனியார் ஆப் உங்க போஸ்ட்டை எடுத்தா, அதை வச்சு நேரா கேஸ் ஜெயிக்கிறது கஷ்டம். ஆனா உங்க கையில் வேற ஒண்ணு இருக்கு. 2021 ஐடி விதிகளின்படி, இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் இருக்கிற சமூக ஊடகம், சட்டவிரோதம், ஆபாசம் மாதிரி காரணங்களுக்காகத் தானாகவே உங்க பதிவை நீக்கினா, காரணம் சொல்லணும். நீங்க மறுத்துப் பேச வாய்ப்பும் தரணும். குறைதீர்ப்பு அதிகாரி ஒருத்தரையும் வச்சிருக்கணும். அவர் முடிவு சரியில்லைன்னா மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போக 2022 திருத்தம் வழி செஞ்சது.

எங்க ஆப் அவ்வளவு பெருசு இல்லை. அந்த விதி எங்களைக் கட்டாயப்படுத்தலை. இருந்தாலும் ஃபில்டரை மாத்தினேன். சாதிப் பேர் வந்தா அழிக்காம நிறுத்தி வைக்கும். தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் படிப்பார். எடுத்தா எந்த வரிக்காக எடுத்தோம்னு சொல்லும். 'திரும்பப் பாருங்க'ன்னு ஒரு பட்டன். "இதுக்கு ஆள் செலவு ஆகுமே"ன்னார் மேனேஜர். அந்த மூணு கமெண்ட்டையும் அவருக்குப் படிச்சுக் காட்டினேன். சரின்னுட்டார்.

அந்தப் பொண்ணுக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் போட்டேன். பதில் வரலை.

அடுத்த தடவை உங்க போஸ்ட் காணாமப் போனா, கோபத்தில் ஆப்பை மூடிட்டுப் போயிடாதீங்க. காரணம் கேளுங்க, அப்பீல் பண்ணுங்க. அந்தப் பக்கம் என்னை மாதிரி எவனாவது ரெண்டு வாரம் லாக் பார்க்காம இருப்பான்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.